போட்டோ பிரேமும் ஓரத்தில் நிற்பவர்களும்

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் முன்பெல்லாம் டார்ச் லைட்டும் டிரான்சிஸ்டரும் கொண்டுவந்தார்கள். பிறகு வீட்டிலேயே பிளட் பிரஷர் பார்க்கும் கருவி வந்தது. இப்போது டிஜிட்டல் போட்டோ பிரேமின் காலம். மன்னார்புரத்தில் எனக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளில் டி.வி.க்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. எல்லா வீட்டிலும், பெட்டியிலிருந்து எடுத்து பிளக்கில் சொருகிய அன்று எப்படி ஓடியதோ அப்படியே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'செட்டிங்ஸ்' பக்கத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. "அதெல்லாம் பேரன் லீவுக்கு வந்தால் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பக்கம் பேரனுக்குரியது அல்ல, நமக்குரியது என்பதுதான் என் கட்சி. இடைவெளி, வெளிச்சம், அளவு, தேதி என்று அதில் இருக்கும் நாலு வரிகளுக்குப் பின்னாலும் பெரிய சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நடந்தது. அதைச் சொல்லிக்கொண்டே, எதை எப்படி வைத்தால் நமக்கு நல்லது என்பதையும் சொல்கிறேன்.

பிரேம் என்றால் என்ன?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். படத்தின் சட்டத்துக்கு பிரெஞ்சில் 'காத்ர்' என்று பெயர். நான்கு பக்கம், சதுரம் என்று பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலி வழியாக வந்த சொல் அது. அதே சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'கேடர்' ஆனது. அரசாங்க உத்தியோகத்தில் 'இந்தக் கேடரில் எத்தனை பேர், அந்தக் கேடரில் எத்தனை காலியிடம்' என்று காலம் முழுக்கக் கணக்கு எழுதினோமே, அந்தக் கேடர்தான்! யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்கிற சட்டம். ஆபீஸ் கேடருக்கும் சுவரில் மாட்டிய படத்துக்கும் வேலை ஒன்றே. இந்தக் கட்டுரையில் கடைசிவரை அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி: எத்தனை விநாடி?

செட்டிங்ஸ் பக்கத்தில் முதலில் வருவது 'இன்டர்வல்'. ஒரு படம் திரையில் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பது. ஐந்து விநாடி, பத்து விநாடி, முப்பது விநாடி, ஒரு நிமிஷம், ஒரு மணி நேரம் என்று வரிசையாக இருக்கும்.

ஆரம்பத்தில் நேரம் செலவானது படத்தைப் பார்ப்பதற்கு அல்ல, எடுப்பதற்கு. பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் என்பவர் 1826, 1827 வாக்கில் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த படத்துக்குப் பல மணி நேரம் பிடித்தது. அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டதால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்த மாதிரி அந்தப் படத்தில் தெரியும். அவருடைய கூட்டாளி டகேர் அந்த நேரத்தை நிமிஷக் கணக்குக்குக் கொண்டுவந்தார். 1839 ஜனவரி 7-ம் தேதி பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அரகோ என்ற அறிஞர் அதை அறிவித்தார். ஆகஸ்ட் 19-ம் தேதி செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது.

ஓய்வூதியர்களாகிய நாம் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கண்டுபிடிப்பைப் பொதுவுடைமையாக்கியதற்கு ஈடாக பிரெஞ்சு அரசாங்கம் கொடுத்தது ஆயுட்காலப் பென்ஷன். டகேருக்கு வருஷம் 6,000 பிராங்க். நியெப்ஸ் அதற்குள் காலமாகிவிட்டதால் அவர் மகனுக்கு 4,000 பிராங்க். அவர்கள் காலத்துக்குப் பின் மனைவிக்குப் பாதி என்று குடும்ப ஓய்வூதியமும் உண்டு. போட்டோ என்கிற கலையே ஒரு பென்ஷன் உத்தரவோடுதான் உலகத்துக்கு வந்திருக்கிறது!

படம் பிடிக்க லென்ஸ் திறந்திருக்கும் அந்த நேரத்துக்கு பிரெஞ்சில் 'போஸ்' என்று பெயர். நாம் 'போஸ் கொடுப்பது' என்று சொல்வதும் அந்தச் சொல்தான். அசையாமல் நிற்பதும் அதற்கு ஆகும் நேரமும் அவர்களுக்கு ஒன்றே. நம் தாத்தா பாட்டி படங்களில் யாரும் சிரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். அரை நிமிஷம் சிரித்த முகத்தோடு அசையாமல் நின்று பாருங்கள், தெரியும்.

படத்தைக் காட்டும் வேகத்துக்கும் திருச்சியில் ஒரு முன்னோடி உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட். தென்னிந்திய ரயில்வேயில் இங்கே வரைவாளராக உத்தியோகம் பார்த்தவர். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். பின்னால் 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தக் காலத்துக் கருவியைக் கையால்தான் சுற்றவேண்டும். சுற்றுகிறவர் கையில்தான் வேகம் இருந்தது. கூட்டம் வாய்பிளந்து பார்த்தால் மெதுவாகச் சுற்றலாம், பொழுதாகிவிட்டால் சீக்கிரம் முடிக்கலாம். பார்க்கிறவர்களின் கண்ணுக்குத் தக்கபடி வேகம் என்பது அந்தத் தொழிலின் சூட்சுமம்.

நம் பிரேமுக்கும் அதே கணக்கு. பெட்டியில் வரும்போது ஐந்து அல்லது பத்து விநாடி என்று வைத்திருப்பார்கள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு "இது யார், சின்ன மாமாவா?" என்று கேட்டு முடிப்பதற்குள் படம் போய்விடும். ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கொண்ட குரூப் படங்கள் நிறைய இருந்தால் இரண்டு நிமிஷம்கூட அதிகமில்லை. படம் சுழல்வதும் சிதறுவதும் திரை விலகுவதுமான 'எஃபெக்ட்' எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். தலை சுற்றாமல் இருக்கும்.

வெளிச்சம்: வானத்துக்கு மேகம் வரைந்தவர்

அடுத்தது 'பிரைட்னஸ்'. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலை கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மலைக்கோட்டையைப் படம் எடுத்த முன்னோடிகளில் ஒருவரே அதைச் செய்திருக்கிறார்.

லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை ராணுவத்தில் அதிகாரி. அதற்கு முன் 1855-ல் பர்மாவுக்குப் போய்ப் படம் எடுத்து வந்தவர். சென்னை அரசாங்கம் அவரைத் தன் போட்டோகிராபராக நியமித்தது. 1857 டிசம்பரில் கிளம்பி 1858-ன் முதல் மாதங்களில் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பெரிய கேமராவையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு இந்த வெயிலில் அலைந்திருக்கிறார். ஸ்ரீரங்கத்துக்கு ஒரு தொகுதி, திருச்சிக்கு ஒரு தொகுதி என்று அந்தப் படங்கள் 1858-லேயே புத்தகங்களாக வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியிருக்கிறார்.

அவர் பயன்படுத்தியது மெழுகு தடவிய காகித நெகட்டிவ். அதில் ஒரு தொல்லை. நீல நிறத்தை அது அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்துவிடும். டிரைப் என்ன செய்தார் என்றால், நெகட்டிவின் மேலேயே வர்ணம் தடவி மேகங்களைத் தானே உண்டாக்கினார். மரங்களின் இலைகள் காற்றில் அசைந்து மங்கிப்போன இடங்களையும் சரிசெய்தார். ஆக, 1858-லேயே பிரைட்னஸும் கான்ட்ராஸ்டும் வந்தாயிற்று, தூரிகையால்.

அந்த முயற்சி நீடிக்கவில்லை. 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், அரசாங்கத்துக்கு இது ஆடம்பரம் என்று சொல்லி நிறுத்திவிட்டார். சிக்கன நடவடிக்கை என்றால் முதலில் எதை வெட்டுவார்கள் என்பது நம்மில் யாருக்கும் புதிதில்லை.

பின்னால் வந்த ஸ்டூடியோக்காரர்களும் தூரிகையை விடவில்லை. கருப்பு வெள்ளைப் படத்தில் புடவைக்குப் பச்சையும், சங்கிலிக்கு மஞ்சளும், உதட்டுக்கு லேசான சிவப்பும் தீட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பின் ஜோடியாகப் படம் எடுக்காத தம்பதிகளை, தனித்தனிப் படங்களிலிருந்து வெட்டி ஒட்டி ஜோடியாக்கியும் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் படம் மாட்டும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? நிலைப்படிக்கு மேலே, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், மேற்பக்கம் முன்னால் சாய்ந்த மாதிரி கயிறு கட்டி மாட்டுவார்கள். கீழே நிற்கிறவருக்கு முகம் நேராகத் தெரியவும், ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசாமல் இருக்கவும் அந்தச் சாய்வு. நம் டிஜிட்டல் பிரேமுக்கும் இது பொருந்தும். விலை குறைந்த திரைகளைக் கீழேயிருந்து பார்த்தால் முகமெல்லாம் கறுத்துப்போகும். அலமாரியின் உச்சியில் வைக்காமல், நாம் உட்காரும் நாற்காலியின் கண் மட்டத்துக்கு நேராக வையுங்கள். ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். பகலில் வெளிச்சம் முக்கால் பங்கு, இரவில் கால் பங்கு போதும். ராத்திரி பத்து மணிக்குத் தானாக அணைந்து காலை ஆறு மணிக்குத் தானாக எரியும்படி வைக்கவும் ஒரு வரி இருக்கும். பத்து வாட் இழுக்கும் பிரேம் ஒரு நாளில் பத்து மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு மூன்று யூனிட்தான். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம்.

திரையில் படம் மங்காது என்பது உண்மையில் பெரிய வரம். 1970, 80-களில் எடுத்த கலர் பிரிண்டுகளை ஆல்பத்தில் பாருங்கள். பல படங்கள் செக்கச்செவேலென்று இருக்கும். அந்தக் காலத்துக் காகிதத்தில் நீலச் சாயம்தான் முதலில் வெளுக்கும், சிவப்பு மிஞ்சும். கருப்பு வெள்ளைப் படங்கள் பழுத்து மஞ்சளாகும். அதற்கு முன் ராமபாணப் பூச்சியும் கரையானும் வராமல் இருந்தால்.

அளவு: 'ஃபில்'லா, 'ஃபிட்'டா?

இப்போது முக்கியமான வரிக்கு வருகிறேன். சில பிரேம்களில் 'டிஸ்ப்ளே மோட்' என்றும், சிலவற்றில் 'ஆஸ்பெக்ட்' என்றும் இருக்கும். அதற்குள் 'ஃபில்', 'ஃபிட்' என்று இரண்டு. முதலாவது, திரை முழுவதையும் படத்தால் நிரப்புவது. இரண்டாவது, படம் முழுவதையும் திரைக்குள் அடக்குவது. கேட்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் வித்தியாசம் பெரியது.

படமும் திரையும் ஒரே வடிவத்தில் இருந்தால் தொல்லையில்லை. இருப்பதில்லை. அதற்கும் சரித்திரம்தான் காரணம். எடிசனின் தொழிற்கூடத்தில் 1890-களில் சினிமாப் படத்துக்கு வைத்த அளவு நாலுக்கு மூன்று. பழைய டி.வி. பெட்டிகள் அதையே எடுத்துக்கொண்டன. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமரா, அதே சினிமாச் சுருளைப் படுக்கை வாட்டில் போட்டு மூன்றுக்கு இரண்டு என்ற அளவைக் கொண்டுவந்தது. நம் ஆறுக்கு நாலு அங்குல பிரிண்ட் அதுதான். இந்தியாவில் பல வீடுகளுக்கு முதல் கேமராவாக வந்த அக்ஃபா கிளிக் 3, ஒரு ரோலில் பன்னிரண்டு படம் எடுக்கும். எல்லாம் சதுரம். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிமை அதில் போட்டு எடுத்தவர்கள் நம்மில் பலர். (அந்தத் தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பம் கொடுத்தது போஷே என்ற பிரெஞ்சுக் கம்பெனி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) இப்போதைய பிரேம்களில் பலவற்றின் திரை பதினாறுக்கு ஒன்பது, அகல டி.வி.யின் வடிவம்.

ஒரு குமாஸ்தாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சதுரப் படம் ஒன்றைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் 'ஃபில்' என்று வைத்தால், பதினாறு பங்கு உயரத்தில் ஒன்பது பங்குதான் தெரியும். மீதி ஏழு பங்கு போய்விடும். ஏறக்குறையப் பாதிப் படம்! மூன்றுக்கு இரண்டு அளவுள்ள பிரிண்டில் ஆறில் ஒரு பங்கு போகும். பழைய ஸ்டூடியோ குரூப் படங்களில் நாலில் ஒரு பங்கு போகும். நாலுக்கு மூன்று திரையாக இருந்தால் மூன்றுக்கு இரண்டு படத்தின் இரு பக்கமும் சேர்ந்து ஒன்பதில் ஒரு பங்கு போகும். நான் பார்த்த பிரேம்களில் பெரும்பாலானவை 'ஃபில்' என்ற ஏற்பாட்டோடுதான் வந்தன. கருப்புப் பட்டை தெரியாமல், கடையில் பார்க்க லட்சணமாக இருக்கும் என்பதற்காக.

வெட்டுப்படும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நம் குரூப் படங்களின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும். நடுநாற்காலியில் வீட்டின் பெரியவர். அவருக்கு இரு பக்கமும் நாற்காலியில் அடுத்த அந்தஸ்து உள்ளவர்கள். பின்னால் நிற்பவர்கள் இளையவர்கள், மருமகள்கள். தரையில் ஜமக்காளத்தில் குழந்தைகள். வீட்டில் அண்டி வாழ்ந்த உறவினர்கள், கணவனை இழந்த அத்தை, சித்தி எல்லாம் பின்வரிசையின் கோடியில். ஆபீஸ் படங்களிலும் அதே ஒழுங்குதான். நடுவில் அதிகாரி, பக்கத்தில் சூப்பரின்டெண்டென்ட், பின்னால் குமாஸ்தாக்கள், கோடியில் பியூனும் வாட்ச்மேனும். நான் முதலில் சொன்ன 'கேடர்' இதுதான். எந்தப் பக்கம் வெட்டினாலும் நடுநாற்காலிக்கு ஆபத்தில்லை. மேலே வெட்டினால் பின்வரிசையின் தலை போகும். கீழே வெட்டினால் குழந்தைகள் போவார்கள். பக்கத்தில் வெட்டினால் கோடியில் நிற்பவர் போவார். அன்று நிற்க வைத்த அந்தஸ்தை அந்த இயந்திரம் ஒன்றும் தெரியாமலே மறுபடி அமல்படுத்துகிறது.

எங்கள் குடும்பத்தில் 1950-களில் புதுச்சேரி ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த படம் இருக்கிறது. பதினாலு பேர். பின்வரிசையின் இடது கோடியில், வெள்ளைப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, திரைச்சீலையை ஒட்டி நிற்பது என் தாத்தாவின் தங்கை. பதினெட்டு வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். என் அப்பாவையும் அவருடைய தம்பிகளையும் வளர்த்தவள் அவள்தான். அந்த வீட்டில் அவள் கைபடாத சோறு யாரும் உண்டதில்லை. அவளுக்கு இருக்கும் படம் அது ஒன்றுதான். மங்கலக் காரியங்களில் எடுத்த படம் எதிலும் அவள் கிடையாது. காரணம் உங்களுக்குத் தெரியும். இந்தப் படத்தில் அவள் நிற்பதே என் தாத்தா பிடிவாதமாகக் கூப்பிட்டதால்தான் என்று அப்பா சொல்வார். 'ஃபில்' என்று வைத்தால் அவள் புடவை தெரியும், முகம் தெரியாது. 'ஃபிட்' என்று வைத்தால் இரு பக்கமும் கருப்புப் பட்டையோடு அவள் முழுசாக நிற்கிறாள். கருப்புப் பட்டை கண்ணை உறுத்துகிறது என்று யாராவது சொன்னால், உறுத்தட்டும் என்பேன்.

தேதியும் பெயரும்

உலகத்தின் முதல் டிஜிட்டல் படம் எது தெரியுமா? 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர், தன் மூன்று மாதக் குழந்தையின் போட்டோவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். ஒரு பக்கத்துக்கு 176 புள்ளிகள் கொண்ட சின்னஞ்சிறு சதுரம். ஏவுகணையோ வரைபடமோ இல்லை, ஒரு அப்பா தன் பிள்ளையின் படத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். 1975-ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. 1992-ல் ஜேபெக் என்ற பொது முறை வந்தது. 1995-ல் ஜப்பானியர்கள் 'எக்ஸிஃப்' என்ற குறிப்புச் சீட்டை வகுத்தார்கள். எடுத்த தேதி, நேரம், கேமராவை நேராகப் பிடித்தோமா சாய்த்துப் பிடித்தோமா என்பதெல்லாம் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பிரேம் படத்தைத் தானாக நிமிர்த்துவதும், தேதி வரிசையில் காட்டுவதும் இந்தச் சீட்டைப் படித்துத்தான்.

பழைய படங்களுக்கு இங்கேதான் சங்கடம். 1956-ம் வருஷத்துப் படத்தை இன்று செல்போனில் எடுத்து பிரேமில் ஏற்றினால், அந்தச் சீட்டில் இன்றைய தேதி விழுந்துவிடும். கொள்ளுப்பேத்தியின் பிறந்தநாளுக்குப் பிறகு தாத்தாவின் கல்யாணம் நடக்கும்! அதனால் 'தேதிப்படி' என்பதை எடுத்துவிட்டு 'பெயர்ப்படி' என்று வையுங்கள். கோப்புப் பெயரை வருஷத்தில் தொடங்குங்கள்: 1956-01, 1956-02 என்று. ஒற்றை இலக்க எண்ணுக்கு முன்னால் சைபர் அவசியம். இல்லையென்றால் பல பிரேம்களில் இரண்டுக்கு முன்னால் பத்து வந்து நிற்கும். நடப்புப் பதிவேடு எழுதியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

வருஷம் ஞாபகமில்லை என்றால் படத்தையே கேட்கலாம். ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் எடுத்த படமா? கோபுரம் மொட்டையாக, அடித்தளத்தோடு நின்றால் 1979-க்கு முந்தையது. டிரைப் காலத்திலும் அது அப்படித்தான் நின்றது. பாதி எழும்பிய நிலையில் இருந்தால் அகோபில மடத்தின் 44-வது ஜீயர் திருப்பணி நடந்த வருஷங்கள். பதின்மூன்று நிலையும் 236 அடியும் முழுசாகத் தெரிந்தால் 1987 மார்ச் 25 கும்பாபிஷேகத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. பின்னால் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் முழுசாகத் தெரிந்தால் 1928-க்குப் பிறகும் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு முன்பும். நம் ஊரே ஒரு காலண்டர். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தான், பேரன் அல்ல.

பெயர் அதைவிட முக்கியம். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அண்மைக் காலத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த குடும்பப் படங்களையும் தேடி மின்வடிவமாக்கினார்கள். கோயில் படத்துக்கு ஊர்ப் பெயர் கிடைத்துவிடும், கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும். குடும்பப் படத்தில் நிற்கும் மனுஷிக்குப் பெயர் சொல்ல, அவளைப் பார்த்தவர் ஒருவர் உயிரோடு இருந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது எழுபதைத் தாண்டிய நாம்தான்.

இதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். பல பிரேம்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் கோப்பில் பெயர் எழுதினால் மட்டும் போதாது. பழைய படத்தைச் செல்போனில் எடுக்கும்போது, அதற்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து, யார் யார் என்று இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக, கறுப்பு மையில் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துவிடுங்கள். பெயர் படத்தின் அங்கமாகிவிடும். எந்தப் பிரேமிலும் தெரியும். 'ஃபிட்' என்று வைத்திருந்தால்.

எல்லாப் படத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. அலுவலகத்தில் முடிந்த கோப்புக்கு ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ். என்று குறி போடுவோமே, அதேபோல் படங்களையும் பிரித்துக்கொள்ளலாம். சாப்பாட்டுத் தட்டு, குட்மார்னிங் பூங்கொத்து எல்லாம் எல்.டிஸ். ஒரு வருஷம் வைத்துக் கழித்துவிடலாம். வேறெங்கும் படமில்லாத ஒருவர் நிற்கும் படம் ஆர்.டிஸ். அது நிரந்தரமாக வைக்க வேண்டியது. அதற்கு மெமரி கார்டில் ஒன்று, வேறிடத்தில் ஒன்று என்று இரண்டு நகலாவது இருக்கட்டும். இனி தாள் துண்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவதுதான் பாக்கி. பின்வரிசையிலிருந்து எழுதத் தொடங்குங்கள். நடுநாற்காலிக்காரரின் பெயர் எப்படியும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.